இரவில் பூட்டும் கேட்: வேலூர் லாட்ஜ், மெஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய லாட்ஜ் உரிமையாளர்களே, மேனேஜர்களே, ரிசப்ஷனில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, மெஸ் நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே,

வணக்கம்.

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பித்தான் தோட்டப்பாளையத்திலும் சைதாப்பேட்டையிலும் காந்தி ரோட்டிலும் இத்தனை லாட்ஜ்கள் எழும்பின. காட்பாடியில் ரயில் இறங்கி வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள். போளூர், ஆரணி, குடியாத்தம், சித்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். எல்லோரையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் புற்றுநோய்க்காக வருகிறவர் உங்களிடம் தங்கும் விதமே வேறு. அதைப் பற்றித்தான் இந்த மடல். நோயாளிகளுக்குத் துணையாக இருந்து பழகியவர்களும் நர்ஸ் வேலை தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

முன்பெல்லாம் கீமோ என்றால் வார்டில் படுக்க வைப்பார்கள். இப்போது பெரும்பாலான கீமோவைக் காலையில் ஏற்றி மாலையில் அனுப்பிவிடுகிறார்கள். கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மேஜையில் படுப்பது சில நிமிடம்தான். ஒரு நாளின் மீதி நேரம் முழுவதும் அந்த நோயாளி உங்கள் ரூமில்தான் இருக்கிறார். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தூங்காத இரவு எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே இருக்கிற வார்டு உங்களுடையது.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரவு கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீமோ ஏற்றியதிலிருந்து ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, மருந்தைப் பொறுத்து முன்பின்னாக, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிப்போகும். ‘கவுன்ட் கம்மியா இருக்கு’ என்று உங்கள் ரிசப்ஷனில் நின்று சொல்வார்களே, அதுதான். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற அணு 500-க்குக் கீழே போய்விட்டால், சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவருக்குச் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். சீழ் பிடிக்காது. அதை உண்டாக்குவதே வெள்ளை அணுக்கள்தான். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். வாயில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால், அப்போதே கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. ‘விடியட்டும், ஓ.பி. திறக்கட்டும்’ என்று காத்திருக்கும் ஆறு மணி நேரம் உயிரைக் கொண்டுபோய்விடும். குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் காய்ச்சலே வராமல் உடம்பு சில்லிட்டு, பேச்சு குழறி, தூங்கித் தூங்கி விழுவதும் உண்டு. அதுவும் இதே அவசரம்.

இந்தக் காய்ச்சல் இரவு ஒரு மணிக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதை நாங்கள் பல இடங்களில் கவனித்திருக்கிறோம். கேட் பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேன் இடுப்பில் இருக்கும், வாட்ச்மேன் எங்கே படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. லிஃப்டை நிறுத்தியிருப்பார்கள். மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்து, தூங்கும் தம்பியை எழுப்பி, மனைவி ஹிந்தியில் சொல்வார்: புகார், புகார். ஹிந்தியில் அதற்குக் காய்ச்சல் என்று பொருள். நம் காதில் விழுவதோ புகார்தான். எதற்கோ கம்ப்ளெயின்ட் சொல்கிறார்கள் என்று நினைத்து, காலையில் மேனேஜர் வந்ததும் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட முடியும். தம்பிமேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றே சொல்லித் தாருங்கள். ஹிந்தியில் புகார், வங்காளத்தில் ஜ்வர், தெலுங்கில் ஜ்வரம். இந்த மூன்றில் எது காதில் விழுந்தாலும் கேட்டைத் திறக்க வேண்டும், ஆட்டோவைக் கூப்பிட வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கேட் சாவி ரிசப்ஷன் மேஜையிலேயே ஒரு ஆணியில் தொங்கட்டும். இரவில் வரச் சம்மதித்த இரண்டு ஆட்டோக்காரர்களின் நம்பரும் 108-ம் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். லிஃப்ட் உள்ள இடத்தில் இரவிலும் அது ஓடட்டும். நம் சந்துகளில் பலவற்றில் ஆம்புலன்ஸ் நுழையாது, தெருமுனை வரைதான் வரும். அதுவரை தள்ளிக்கொண்டு போக ஒரு வீல்சேர், காற்று இறங்காத டயரோடு, படிக்கட்டின் கீழே இருக்கட்டும். ரிசப்ஷனில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வேண்டும். அதை நாக்குக்கு அடியில் வைத்து பீப் சத்தம் வரும்வரை வாயை மூடியிருக்க வேண்டும்; டீ குடித்திருந்தால் கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்; ஒருவர் வாயில் வைத்ததை சோப்பால் கழுவி ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்தவருக்குத் தரக் கூடாது. அக்குளில் வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

ரிசப்ஷன் டிராயரில் இருக்கும் மாத்திரையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் காய்ச்சலைத் தற்காலிகமாக மறைத்துவிடும், நோயாளி ‘இறங்கிடுச்சு’ என்று படுத்துவிடுவார். புரூஃபென், டிஸ்பிரின் வகைகள் இன்னும் மோசம். கீமோவால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அவை ரத்தக்கசிவை உண்டாக்கும். நல்ல மனதோடுதான் கொடுக்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறோம்.

அடுத்தது, சிலர் வெளிப்படையாகவே கேட்கும் கேள்வி: இது ஒட்டுமா? ஒட்டாது. புற்றுநோய் தட்டு வழியாகவோ கட்டில் வழியாகவோ மூச்சு வழியாகவோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. மெஷினில் படுத்து வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறவர் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது, அவர் மடியில் குழந்தை உட்காரலாம். தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடின் மருந்து குடித்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களைத் தனி அறையில் வைத்திருந்துதான் வெளியே விடுவார்கள். அதன் பிறகும் சில நாட்களுக்குக் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் நெருங்காமல் இருக்கச் சொல்லி எழுதித் தருவார்கள். அவர்களுக்குப் பாத்ரூமோடு கூடிய தனி ரூம் கொடுங்கள், அந்தச் சீட்டில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அதுவரை. மற்ற யாருக்கும் தட்டை ஒதுக்கி வைப்பது, ஓரத்து ரூமுக்குத் தள்ளுவது, அவர் போனபின் மெத்தையை எரிப்பது எதுவும் தேவையில்லை. மொட்டைத் தலையைப் பார்த்ததும் ‘ரூம் காலி இல்லை’ என்று சொல்வது மிகவும் வலிக்கும் விஷயம்; அதைச் சில இடங்களில் இன்னமும் செய்கிறார்கள்.

ஆனால் ரூம் கழுவும் அக்காவுக்கு உண்மையான பாதுகாப்பு ஒன்று தேவைப்படுகிறது, அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. கீமோ மருந்து ஏற்றிய பிறகு சுமார் 48 மணி நேரம் வரை, சில மருந்துகளுக்கு அதற்கு மேலும், சிறுநீர், மலம், வாந்தி வழியாக அது வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று நாட்கள் கையுறை இல்லாமல் அந்தப் பாத்ரூமைத் தொடக் கூடாது. வாந்தியைத் துடைத்த துணியையும் நனைந்த பெட்ஷீட்டையும் தனியாக ஒரு கவரில் போட்டு, மற்றவற்றோடு கலக்காமல், சோப்புத் தூளில் இரண்டு முறை அலச வேண்டும். டாய்லெட்டில் மூடி இருந்தால் மூடிவிட்டு இரண்டு தடவை தண்ணீர் விடச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணை அந்த ரூமுக்கு அனுப்பாதீர்கள். ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்ஸோரூபிசின் போட்டவருக்கு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகவே போகும். அது மருந்தின் நிறம், பதற வேண்டாம். ஒரு வாரம் கழித்துச் சிவப்பாகப் போனால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

ரத்தம் சிந்திய தரைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் நல்லது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் புதிய பவுடர், ஏறக்குறைய ஒரு மேஜைக்கரண்டி. பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் கழுவுகிறவருக்கே மூச்சடைக்கும், நுரையீரல் புற்றுநோயாளி அதற்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபினாயில், சாம்பிராணி, ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி இந்த வாசனைகளே கீமோ போட்டவருக்கு வாந்தியை எடுத்துவிடும். தொண்டையில் துளை போட்டு மூச்சு விடுகிறவர்களுக்கு அந்தப் புகை நேராக நுரையீரலுக்குப் போகிறது, மூக்கு வடிகட்டித் தருவதில்லை. சோப்புத் தண்ணீரும் திறந்த ஜன்னலும் போதும்.

ரூமைப் பற்றிச் சில வார்த்தை. வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள கீழ்த்தள ரூம்களை இவர்களுக்கு ஒதுக்குங்கள். இடுப்பில் கரண்ட் வைத்தவருக்கு ஒரு நாளில் பத்துத் தடவை வயிறு போகலாம், மாடியில் பொதுக் கழிப்பறை என்றால் அவருக்கு அது தண்டனை. சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத ரப்பர் மேட், இரவெல்லாம் எரியும் சின்ன பல்பு போடுங்கள். வின்கிரிஸ்டின், பாக்லிடாக்செல் போன்ற மருந்துகளால் பாதம் மரத்துப்போகும், ஈரமான டைல்ஸ் காலுக்கே தெரியாது. தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழே இருக்கிறவர் பாத்ரூமில் விழுந்து தலையில் அடிபட்டால் அது சின்ன விபத்து இல்லை. கையில் பிக் லைன் என்ற நீளக் குழாய் பொருத்தியவர்கள் அந்த இடம் நனையாமல் குளிக்க வேண்டும், ஷவரைவிட பக்கெட்டும் மக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் அவர்களுக்கு வசதி. மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் பை ஒட்டியிருப்பவர்களுக்கு அந்தப் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டியிருக்கும். நள்ளிரவில் தண்ணீர் நின்றுபோனால் அவர்கள் படும் அவமானத்தைச் சொல்லி மாளாது. மோட்டாரைக் காலை ஐந்துக்குப் பதிலாக இரவு பத்துக்கு ஒரு முறை போட்டு டேங்கை நிரப்பிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்தால் மூடியோடு வையுங்கள். தட்டணு ஏற்கெனவே குறைந்தவருக்கு டெங்கு வந்தால் டாக்டர்களுக்கே திணறல்.

ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. வெள்ளை அணுக்களை ஏற்றுவதற்காக ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியை நாளைக்கு ஒன்றாகச் சில நாட்கள் போடச் சொல்லி அனுப்புவார்கள். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ரிசப்ஷன் ஃபிரிட்ஜில்தான் வைக்கக் கொடுப்பார்கள். ஐஸ் வைக்கும் ஃபிரீசரில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும், கதவுத் தட்டில் வைத்தால் திறக்க மூட சூடேறும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு டப்பாவில் ரூம் நம்பர் எழுதி வையுங்கள். போட்டு முடித்த ஊசியை குப்பைக் கவரில் போடவிடாதீர்கள், அடுத்த நாள் அது மாநகராட்சித் தொழிலாளியின் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, நிறைந்ததும் மூடியிட்டு, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இனி மெஸ்காரர்களுக்கு.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கவுன்ட் குறைந்தவருக்குச் சமையலில் ருசியைவிடக் கடிகாரம் முக்கியம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சூடாகப் போக வேண்டும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியம் கொடுக்கக் கூடாது. தக்காளி, வெங்காயம் வதக்கி அன்றே அரைத்த சட்னி பரவாயில்லை. அண்டாவில் ஆறிப்போன சாதம் சூடு பண்ணினாலும் ஆபத்து, அதில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அழியாது. கூழும் பழைய சோறும் நம் பக்கத்து உயிர், ஆனால் இரவெல்லாம் புளித்தது கவுன்ட் குறைந்திருக்கும் அந்த நாட்களுக்கு வேண்டாம். அதே கேழ்வரகைக் கொதிக்கக் காய்ச்சி சுடச்சுடக் கொடுங்கள். ஆஃப் பாயில் வேண்டாம், முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை வேகவையுங்கள். வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, ஐஸ் போட்ட ஜூஸ் கூடாது. வாழைப்பழம், சாத்துக்குடி போலத் தோல் உள்ளதை அவர்களே கழுவி உரித்துக்கொள்ளட்டும். கேன் தண்ணீரையும் நம்பிவிட வேண்டாம். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரை மூடிவைத்துக் கொடுத்தால் அதுவே மேல்.

வாய், தொண்டையில் கரண்ட் வைக்கிறவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகும். கத்திரிக்காய் கொத்சுக்கு நம் ஊரை அடிக்க ஆளில்லை, ஆனால் அந்த வாய்க்குப் புளியும் மிளகாயும் நெருப்பு. மிளகு போடாத குழைந்த பொங்கல், பருப்பும் நெய்யும் விட்டு மசித்த சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், ரவைக் கஞ்சி, நன்றாக அடித்த முட்டையை ஊற்றிக் கொதிக்கவிட்ட கஞ்சி இவையெல்லாம் இறங்கும். சூடு ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது கொடுங்கள். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் கொப்பளிக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து கொடுத்தால் பெரிய உதவி. சிலருக்கு எஃகு ஸ்பூனே நாக்கில் துருப்போல ருசிக்கும், பிளாஸ்டிக் ஸ்பூன் வைத்திருங்கள்.

சாப்பாடு செலுத்த மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவர்களுக்கு மிக்ஸியும் நைஸ் வடிகட்டியும் கிடைத்தால் போதும், மற்றதைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள். மின்சார லோடு ஏறும் என்பதற்காக ரூமில் மிக்ஸி கூடாது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். அப்படியானால் மாடிப்படி ஓரத்தில் ஒரு பொது மேஜையில் மிக்ஸி ஒன்றை வைத்துவிடுங்கள். வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும்தான் குழாயை அடைக்கின்றன. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, முன்னும் பின்னும் 30 முதல் 50 மில்லி வெந்நீர் ஆறவைத்தது, கொடுத்த பிறகு முக்கால் மணி நேரமாவது தலையும் மார்பும் உயர்ந்த நிலையில் உட்கார வேண்டும். அதற்குக் கட்டிலில் சாய்ந்துகொள்ளக் கூடுதலாக இரண்டு தலையணை வேண்டும். கூடுதல் தலையணைக்குத் தனிக் காசு வாங்காதீர்கள். படுத்தபடி ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

அக்னி நட்சத்திர நேரத்தில் நம் ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, வந்தவருக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் நீட்டுவது நம் பண்பு. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவருக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும்போலத் தோன்றும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள், ஏசியை நேராக அவர்மேல் வீசவிடாதீர்கள்.

மெஸ் நேரம் மூன்று வேளை. இவர்களுக்குப் பசி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பகல் பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ கிடைக்குமானால், ஒரு நாளில் ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடும். முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி நாலு வாய் சாப்பிட்டு வைத்துவிடுகிறார்கள். அரை அளவுக்கு அரை விலை என்று ஒரு டோக்கன் போடுங்கள். கறியும் மீனும் சாப்பிட்டால் கட்டி வளரும் என்று பரிமாறும்போது சொல்லிவிடாதீர்கள். சிகிச்சை நேரத்தில் உடம்புக்குப் புரதம் வழக்கத்தைவிட அதிகம் வேண்டும், எடை குறைந்தால் டாக்டர் கீமோவைத் தள்ளிப்போட நேரும்.

வாடகைக் கணக்குக்கு வருவோம். வருகிற குடும்பம் கணக்குப் போடத் தெரியாமல் தவறிவிடுகிறது, நீங்கள் போட்டுக் காட்டலாம். முப்பது கரண்ட் என்றால் முப்பது நாள் இல்லை. சனி, ஞாயிறு கிடையாது, வாரத்துக்கு ஐந்துதான். அதனால் ஆறு வாரம். முப்பத்து மூன்று என்றால் ஆறு வாரமும் மூன்று நாளும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, முகத்துக்கு அச்சு செய்து, திட்டம் போடக் காத்திருக்கும் நாட்கள் தனி. நடுவில் மெஷின் பழுதானாலோ கவுன்ட் இறங்கினாலோ இன்னும் நீளும். 21 நாளுக்கு ஒரு முறை என்று ஆறு கீமோ இருந்தால் முதலாவதிலிருந்து ஆறாவது வரை 105 நாள், ஒன்றும் தள்ளிப்போகாமல் இருந்தால். இன்னொருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களை ஏற்றிக்கொண்டவர்கள் ஏறத்தாழ நூறு நாள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவர்களிடம் தினசரி வாடகையும் 24 மணி நேர செக்-அவுட்டும் வைத்தால் அவர்கள் நிலத்தை விற்ற காசு உங்களிடமே கரைந்துபோகும். வார வாடகை, மாத வாடகை என்று எழுதி ஒட்டுங்கள். தேதி தள்ளினால் முன்பணத்தைப் பிடிக்காதீர்கள். இரண்டு கீமோவுக்கு நடுவே ஊருக்குப் போகிறவர்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் வைத்துப்போக ஒரு பூட்டும் அலமாரி கொடுங்கள்.

டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்டுகளுக்கும் ஒரு சொல்: சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இதை மறைத்து முழுக் கட்டணம் வாங்குவது பாவம்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று ரிசப்ஷனில் நின்று கெஞ்சுவார்கள். ஊர் தெரியாத இடத்தில் அவர்கள் யாரைக் கேட்பார்கள்? எடுத்த தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் முன்கூட்டியே சேர்த்துவைக்கவும் முடியாது. உங்கள் லாட்ஜிலும் தெருவிலும் விருப்பமுள்ளவர்களின் பெயரையும் ரத்தப் பிரிவையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாளும் பெண் 120 நாளும் ஆக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தரும் தரகர்களை உள்ளே விடாதீர்கள். ரத்தத்தை விற்பது சட்டப்படி குற்றம், நோய் மறைத்துக் கொடுக்கிறவர்களும் அந்த வழியில்தான் வருகிறார்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. இனி சிகிச்சை பலிக்காது என்று தெரிந்த பிறகும் சிலர் உங்கள் ரூமில் சில நாள் இருப்பார்கள். ரயில் கிடைக்காமலோ, பயணம் தாங்காது என்பதாலோ. அவர்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டியது, அதனால் இரவிலும் அலாரம் அடிக்கும், லைட் எரியும். அது போதைப் பழக்கம் இல்லை, டாக்டர் சீட்டோடு வாங்கிய வலி மருந்து. உங்களிடம் வாங்கி வைக்காமல் அவர்களிடமே இருக்கவிடுங்கள். மூச்சுத் திணறுகிறவருக்கு முகத்துக்கு நேரே காற்று வீசினால் உண்மையிலேயே திணறல் குறையும். ஒரு டேபிள் ஃபேனும், கரண்ட் போனால் அது ஓட இன்வெர்ட்டர் இணைப்பும் அந்த ரூமுக்குக் கொடுங்கள்.

‘இங்கே இறந்துவிட்டால் போலீஸ் வரும், பெயர் கெடும்’ என்ற பயத்தில் அந்த நிலையில் ரூமைக் காலி செய்யச் சொல்வது நடக்கிறது. தெரிந்த நோயால், சிகிச்சைத் தாள்கள் கையில் இருக்க, இயற்கையாக நேரும் இறப்பு அது. டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். சிகிச்சை பார்த்த டாக்டர் இறப்புக்கான காரணச் சான்று எழுதித் தர முடியும். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி லாட்ஜில் நேரும் இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு அதை நடத்துகிறவருடையது. 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிய வேண்டும். சான்றிதழில் பெயரும் ஊரும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். ஊருக்குப் போய்த் திருத்த அவர்களால் மறுபடி இவ்வளவு தூரம் வர முடியாது. பக்கத்து மாவட்டக்காரர்கள் கடைசி நாட்களுக்கு வீடு திரும்ப விரும்பினால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தருகிறார்கள் என்பதையும், அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எங்களுக்குத் தெரியும். கைப்பிடிக்கும் இன்வெர்ட்டருக்கும் நாளாகட்டும். சாவியை ஆணியில் மாட்டுவதையும், 100.4 என்ற எண்ணையும் மூன்று மொழியில் காய்ச்சல் என்ற சொல்லையும் ஒரு தாளில் எழுதி ரிசப்ஷன் சுவரில் ஒட்டுவதையும் இன்று மாலைக்குள் செய்துவிடுங்கள். இந்த மடலில் கேட்டைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை, இன்று இரவு டியூட்டிக்கு வரும் தம்பிக்கு நீங்களே ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அவர் மொழியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்கள்,
வேலூர்.